மூட்டைப்பூச்சி நாட்குறிப்பு: திருப்பாதிரிப்புலியூர்

ஏப்ரல் 20, 2025, ஞாயிறு

விடுதியிலிருந்து விடுமுறைக்கு வந்திருக்கும் மகளின் முழங்கைக்கு மேலே ஒரே வரிசையாகத் தடிப்புகள். கொசு என்றார் வீட்டுக்காரர். கடலூரில் கொசுவுக்குப் பஞ்சமில்லைதான். ஆனால் அவள் கொசுவலைக்குள் படுக்கிறவள். வேர்க்குரு என்றார் அத்தை. அதே கட்டிலில் படுக்கும் அத்தையின் உடம்பில் ஒரு புள்ளிகூட இல்லை என்பதால், பூச்சி எதுவும் இல்லை என்று பேச்சு முடிந்துவிட்டது.

எனக்கு மனம் ஒப்பவில்லை. மூட்டைப்பூச்சி கடித்தால் எல்லோருக்கும் தடிப்பதில்லை. சிலருக்கு மறுநாளே தடிக்கும், சிலருக்குப் பல நாள் கழித்துத்தான் தெரியும், வயதானவர்களில் பலருக்குத் தடயமே இருக்காது. கடிவாயை மட்டும் பார்த்து இன்ன பூச்சி என்று மருத்துவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. உடம்பைப் பார்ப்பதை விட்டுவிட்டுப் படுக்கையைப் பார்க்க வேண்டும்.

ஏப்ரல் 21, திங்கள்

காலையில் விரிப்பை உருவிவிட்டு டார்ச் விளக்கோடு உட்கார்ந்தேன். கையில் காலாவதியான ஏடிஎம் அட்டை. மெத்தையின் விளிம்பில் தைத்திருக்கும் நாடாவைத் தூக்கி, அட்டையின் முனையால் மெல்ல வழித்துக்கொண்டே போனேன். தலைமாட்டு மூலையில் கரும்புள்ளிகள் கொத்தாக இருந்தன. தூசியாக இருந்தால் உதிர்ந்திருக்கும். இவை துணியில் ஊறிப் பரவியிருந்தன. ஈரத் துணியால் தேய்த்தபோது பழுப்புச் சிவப்பாக இழுத்தது. செரித்த இரத்தம், பூச்சியின் எச்சம். பக்கத்திலேயே வெளிர் மஞ்சள் நிறத்தில், உள்ளே ஒன்றும் இல்லாத உரித்த தோல்கள்.

பூச்சி கிடைத்தது மெத்தையில் அல்ல. கட்டிலின் தலைப்பலகையும் சட்டமும் சேரும் இடத்தில், திருகாணிக் குழிக்குள். அட்டையை நுழைத்ததும் நிதானமாக வெளியே வந்தது. கொள்ளு அளவு, கொள்ளின் நிறம், அதைவிடத் தட்டை. இறக்கை இல்லை, பறக்காது, தாவாது, நடந்துதான் வரும். கொசுவலை அதற்கு ஒரு பொருட்டே இல்லை, அது குடியிருப்பது வலைக்கு உள்ளே இருக்கும் கட்டிலில் அல்லவா! குழியின் ஓரத்தில் ஒரு மில்லிமீட்டர் நீள வெள்ளை முட்டைகள் மரத்தோடு ஒட்டியிருந்தன. விளக்குமாற்றுக்கு அவை அசையவில்லை.

அத்தையை அழைத்துக் காட்டினேன். ஒன்றும் பேசாமல் தன் தலையணையை எடுத்து முகர்ந்து பார்த்தார்.

ஏப்ரல் 23, புதன்

"வெளியில் சொல்லாதே அம்மா, வீட்டை எப்படி வைத்திருக்கிறார்கள் என்று பேசுவார்கள்." இது அத்தையின் கவலை. அவர் இளம்பெண்ணாக இருந்தபோது தியேட்டர் நாற்காலியில் உட்கார்ந்து வந்த இரவெல்லாம் புடவையை உதறிவிட்டுத்தான் வீட்டுக்குள் வருவாராம். எங்கே இருந்தாலும் கடித்தது, யாரையும் குறை சொன்னதில்லை என்றும் அவரே சொல்கிறார். பிறகு இப்போது மட்டும் ஏன் வெட்கம்?

இந்தப் பூச்சி அழுக்கைத் தின்பதில்லை, இரத்தம் ஒன்றுதான் அதன் உணவு. நம் மூச்சில் வரும் கரியமில வாயுவும் உடல் சூடும்தான் அதை இழுக்கின்றன. துடைத்து வைத்த வீட்டிலும் வரும், பை வழியாக, பழைய சாமான் வழியாக. பொருள்கள் குவிந்து கிடந்தால் ஒளிய இடம் கூடுதல், அவ்வளவுதான். வெட்கப்பட்டு மூடி மறைக்கிற வீடுதான் நான்கு வீட்டுக்குப் பரப்புகிறது. மனிதருக்கு இது நோயைக் கடத்துவதாக இதுவரை நிறுவப்படவில்லை என்பது ஒரு ஆறுதல். ஆனால் சொறிந்து புண்ணாவதும், விடியற்காலைத் தூக்கம் கெடுவதும் சிறிய துன்பமா?

மாலையில் மாடி வீட்டு அக்காவிடம் போய்ச் சொல்லிவிட்டேன். ஒயர் போகும் குழாய் வழியாக மேலே போகலாம் என்பதால் சொல்லாமல் இருப்பது நியாயம் இல்லை. முகம் சுளித்தார். பிறகு அட்டையை வாங்கிக்கொண்டு போனார்.

ஏப்ரல் 26, சனி

மருந்து அடிப்பவர் வருவதற்குள் ஆளுக்கு ஒரு யோசனை. கட்டில் இடுக்கில் மண்ணெண்ணெய் ஊற்றச் சொன்னார் பக்கத்து வீட்டுப் பெரியவர். விளக்கு ஏற்றும் வீட்டில் அந்த விபரீதம் வேண்டாம் என்று மறுத்துவிட்டேன். கொசு ஸ்பிரேயும் கூடாது. பட்ட பூச்சி சாகாமல் அடுத்த அறைக்குச் சிதறும். அந்த ஸ்பிரேயில் இருக்கும் பைரித்ராய்டு வகை மருந்துகளுக்கு உலகெங்கும் மூட்டைப்பூச்சி பழகிவிட்டது.

நம்பக் கூடியது சூடு. ஐம்பது டிகிரிக்கு மேல் முட்டையும் தாங்காது. துணிகளை அறைக்குள்ளேயே பிளாஸ்டிக் பையில் கட்டி, கொதிக்கும் அண்டாவுக்கு நேராகக் கொண்டுபோனோம். கட்டில் இடுக்குகளில் கெட்டில் வெந்நீர். மெத்தையை மொட்டை மாடியில் போட்டால் போதும் என்கிறார்கள். சித்திரை வெயில் மேல் துணியைத்தான் சுடும், பூச்சி அடிப்பக்கம் நகர்ந்துவிடும்.

மருந்துக்காரர் "ஒரே தடவை, ஆறு மாதம் கவலை இல்லை" என்றார். முட்டைக்குள் மருந்து போகுமா என்று கேட்டேன். சற்றுத் தயங்கி, இரண்டு வாரத்தில் மறுபடி வருவதாக ஒப்புக்கொண்டார். இந்த வெக்கையில் முட்டை ஒரு வாரம், பத்து நாளில் பொரியும். குஞ்சு ஐந்து முறை தோல் உரித்துப் பெரிதாக வேண்டும்; ஒவ்வொரு உரிப்புக்கும் முன் ஒரு முறையாவது இரத்தம் குடித்தாக வேண்டும். பெரிதாகி முட்டையிடத் தொடங்கும் முன் இரண்டாவது மருந்து விழ வேண்டும். இந்தக் கணக்குத் தெரியாமல் பணம் கட்டுகிறவர்கள்தான், மருந்து அடித்தும் போகவில்லை என்று புலம்புகிறார்கள்.

மே 5, திங்கள்

நேற்று அக்னி நட்சத்திரம் தொடங்கியது. இன்று வெள்ளை விரிப்பில் ஒரு குஞ்சு. நிறமே இல்லாத உடம்பு, வயிற்றில் மட்டும் குடித்த இரத்தம் சிவப்பாகத் தெரிந்தது. வெறும் வயிறாக இருந்திருந்தால் அந்தத் துணியில் கண்ணுக்கே பட்டிருக்காது. மகள் அழுதுவிட்டாள். பொரிப்பு தொடங்கியிருக்கிறது, எதிர்பார்த்ததுதான் என்று முட்டைக் கணக்கை அவளுக்கு விளக்கினேன்.

கட்டிலைச் சுவரிலிருந்து நகர்த்திக் கால்களுக்குக் கிண்ணம் வைத்தோம். காலியான வழவழப்புக் கிண்ணம் போதும் என்று வெளிநாட்டுக் குறிப்புகள் சொல்கின்றன. அது குளிர் நாடுகளில் பெருகும் சைமெக்ஸ் லெக்டுலேரியஸ் என்ற மூட்டைப்பூச்சி இனத்துக்கு; விழுந்தால் ஏற முடியாது. வெப்ப நாடுகளில் பெருகும் சைமெக்ஸ் ஹெமிப்டெரஸ் என்ற இனத்தின் கால்களில் ஒட்டும் முடிகள் அதிகம். வழவழப்பிலும் ஏறித் தப்பிவிடும். அதனால் சோப்புத் தண்ணீர் ஊற்றி வைத்தேன். அத்தையின் அம்மா காலத்திலும் கட்டில் காலுக்குத் தண்ணீர்ச் சட்டி உண்டாம்.

மே 10, சனி

இரண்டாம் மருந்து. திருகாணிக் குழிகளைப் புட்டிப் பசை பூசி அடைத்தார் வீட்டுக்காரர். மாடி அக்காவின் கட்டிலில் ஒன்றும் இல்லை. சோபாவின் அடித்துணியில் கரும்புள்ளிகள் இருந்தனவாம். அவரும் இதே ஆளை வரச் சொல்லியிருக்கிறார்.

மே 29, வியாழன்

புதிய புள்ளி இல்லை, கிண்ணத்தில் எதுவும் இல்லை. போய்விட்டது என்று இன்னும் எழுத மாட்டேன். பெரிய பூச்சி உணவில்லாமல் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் பதுங்கியிருக்கும். அத்தை கோயிலில் பார்த்த மூன்று பேரிடம் கதையைச் சொல்லி, அட்டையால் வழித்துப் பார்க்கும் விதத்தையும் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். ஜூலை முடியும்வரை வெள்ளை விரிப்புதான், வாரம் ஒரு முறை டார்ச் விளக்குதான்.