றோயல் யோமன்றியில் சேர்ந்த அனுபவம்

பிரிட்டிஷ் ஆமியின் ரிசேர்வ், அதாவது பகுதிநேரப் படையில் சேர நினைக்கும் பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது ஓட்டத்தைப் பற்றித்தான். எவ்வளவு தூரம், எத்தனை நிமிடம், அந்தப் பாரமான பந்தை எறிவது கஷ்டமா என்றெல்லாம் கேட்பார்கள். நான் சேர்ந்தது றோயல் யோமன்றி என்ற ரிசேர்வ் குதிரைப்படை ரெஜிமென்ட்டின் குரொய்டன் ஸ்குவாட்ரனில், அதாவது அதன் ஒரு பிரிவில். சில மாதம் ஒழுங்காகப் பயிற்சி செய்தால் உடற்தகுதிச் சோதனையைத் தாண்டிவிடலாம். அதைவிடப் பொறுமை தேவைப்படுவது கடதாசி வேலைக்கு.

இணையத்தில் விண்ணப்பித்ததும் உடல்நலம் பற்றி நீளமான கேள்விகள் வரும். பிறகு உங்கள் டொக்டரிடமிருந்து மருத்துவப் பதிவுகள் போகவேண்டும். சின்ன வயதில் எனக்கு இழுப்பு (ஆஸ்துமா) இருந்ததாக ஒரு வரி அதில் கிடந்தது. கடைசியாக எப்போது மருந்து எடுத்தேன் என்பது தெளிவாகும்வரை விண்ணப்பம் அசையவே இல்லை. ஆகவே விண்ணப்பிக்க முதலே உங்கள் பதிவை எடுத்து வாசித்துவிடுங்கள்.

தேர்வு மையத்தில் மருத்துவப் பரிசோதனை, ஓட்டம், பாரம் இழுத்தல் எல்லாம் முடிந்து நேர்முகத்துக்குப் போனால், ஏன் இந்த ரெஜிமென்ட் என்று கேட்டார்கள். அதற்கு என்னிடம் பதில் இருந்தது. ஏனென்றால் அதே கேள்வியை வீட்டில் அம்மா முதலே கேட்டுவிட்டார். "ஆமிக்குப் பயந்துதானே பிள்ளை ஊரை விட்டு வந்தனாங்கள். நீயே போய் அந்த உடுப்பைப் போடப் போறியா?" யாழ்ப்பாணத்துச் சென்றிகளில், அதாவது ஆமியின் காவல் சாவடிகளில், வரிசையில் நின்றவர் அவர். அவருக்கு மழுப்பலான பதில் சொல்ல எனக்கு மனமில்லை. அதனால் யோமன்றியின் வரலாற்றை, நல்லதும் கெட்டதுமாக, தேடி வாசித்தேன்.

1794இல், பிரான்ஸ் படையெடுக்கும் என்ற பயத்தில், ஊர் ஊராகத் திரட்டப்பட்ட தொண்டர் குதிரைப்படைதான் யோமன்றி. நிலக்காரரும் வசதியான விவசாயிகளும் சொந்தக் குதிரையோடு வந்து சேர்ந்தார்கள். பிரான்ஸ் வரவில்லை. ஆனால் அப்போது ஒழுங்கான பொலிஸ் இல்லாததால், கலவரம் அடக்கவும் இவர்களையே கூப்பிட்டார்கள். 1819 ஓகஸ்ட் 16இல் மான்செஸ்டரில் வாக்குரிமை கேட்டுக் கூடியிருந்த மக்களுக்குள் உள்ளூர் யோமன்றி வாளோடு புகுந்தது. பதினைந்து பேருக்குக் குறையாமல் செத்தார்கள், நூற்றுக்கணக்கானோர் காயப்பட்டார்கள். அந்தப் படை வேறு, எங்கள் ரெஜிமென்ட் வேறு. ஆனாலும் பெயர் ஒன்று, வேர் ஒன்று. இதை அம்மாவுக்கும் சொன்னேன், நேர்முகத்திலும் சொன்னேன். கேட்ட அதிகாரி தலையாட்டி, அதைத் தெரிந்துகொண்டு வருவது நல்லது என்றார். எனக்கு அந்த இடத்தில்தான் இதில் சேரலாம் என்ற உறுதி வந்தது.

எங்கள் ஸ்குவாட்ரன் கென்ட் யோமன்றி, ஷார்ப்ஷூட்டர்ஸ் என்ற இரண்டு பழைய படைகளின் வாரிசு. ஷார்ப்ஷூட்டர்ஸ் 1900இல் தென்னாபிரிக்காவில் நடந்த போவர் யுத்தத்துக்காகத் திரட்டப்பட்டவர்கள். முதல் உலகப்போருக்குப் பிறகு குதிரையை விட்டுக் கவச வண்டிக்கு மாறினார்கள். 1967இல் ஐந்து யோமன்றிப் படைகளைச் சேர்த்து றோயல் யோமன்றி உருவானபோது இவர்களும் அதற்குள் வந்தார்கள்.

அடிப்படைப் பயிற்சியை வார இறுதிகளாகப் பிரித்துத் தருகிறார்கள், முடிவில் இரண்டு கிழமை தொடர்ச்சியாக. அதற்குப் பிறகுதான் குதிரைப்படை வேலை தொடங்குகிறது. இப்போது குதிரைக்குப் பதில் ஜாக்கல் வண்டி. கூரை இல்லை. ஓட்டுநர், கமாண்டர், துப்பாக்கிக்காரர் என மூன்று பேர். கனமான கவசம் கிடையாது. வேகமும் கண்ணும்தான் பாதுகாப்பு.

இலகு குதிரைப்படையின் முக்கியமான வேலை முன்னால் போய்ப் பார்ப்பது. எதிரி எங்கே, எத்தனை பேர், என்ன வண்டி, எந்தப் பக்கம் நகர்கிறார்கள் என்று ரேடியோவில் சொல்லவேண்டும், அதுவும் தன்னைக் காட்டிக்கொள்ளாமல். எனக்கு மிகக் கடினமாக இருந்தது இதுதான். மழையில் புதருக்குள் கிடந்துகொண்டு, பார்த்ததை மட்டும், ஊகத்தைக் கலக்காமல் சொல்வது லேசில்லை. "நினைக்கிறேன்" என்று சொன்னால் பயிற்றுநர் உடனே நிறுத்துவார்: கண்டாயா, நினைத்தாயா?

அவர் ஏன் அவ்வளவு கண்டிப்பு என்பது வில்லேர் போக்காஜ் பற்றிப் படித்தபோது விளங்கியது. 1944 ஜூன் 13இல் ஷார்ப்ஷூட்டர்ஸ் அணி போதிய வேவு இல்லாமல் நோர்மண்டியின் அந்தச் சிற்றூரைத் தாண்டிப் போய் நின்றது. ஜெர்மன் டைகர் டாங்கிகள் சில நிமிடங்களுக்குள் அவர்களுடைய பல டாங்கிகளையும் வண்டிகளையும் எரித்தன.

2016 நவம்பர் வரை பெண்கள் கவசப்படைப் பிரிவில் இந்த வேலைக்கு வரமுடியாது. இப்போது சோதனை எல்லாருக்கும் ஒன்றுதான். தங்கச்சிமார் தயங்கவேண்டாம்.

கையெழுத்து வைக்க முதல் ஒன்றை வீட்டிலும் வேலையிடத்திலும் தெளிவாகக் கதைத்துவிடுங்கள். வாரத்தில் ஒரு மாலை, சில வார இறுதிகள், வருடத்தில் இரண்டு கிழமை முகாம் என்பது சாதாரண காலத்துக்கான கணக்கு. தேவை வந்தால் முழுநேரமாகக் கூப்பிடச் சட்டம் இருக்கிறது. 2003இல் ஈராக்குக்கு இந்த ரெஜிமென்ட்டில் இருந்தும் ஆட்களைக் கூப்பிட்டார்கள், இரசாயன ஆயுதங்களைக் கண்டறியும் வேலைக்கு. அப்படிப் போகிறவருடைய வேலையிடத்தைக் காப்பாற்ற 1985ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு. அதை அச்செடுத்து என் மேலாளரிடம் கொடுத்துவிட்டுத்தான் சத்தியப்பிரமாணத்துக்குப் போனேன்.