மிச்சிகன் ஏரிக்கரையில் ஐந்து கலங்கரை விளக்கங்கள்

அமெரிக்காவின் மிச்சிகன் ஏரியை முதன்முறை பார்ப்பவர்கள் அதைக் கடல் என்றே நினைப்பார்கள். அலையும் மணலும் துறைமுகமும் இருக்கின்றன, எதிர்க்கரை கண்ணுக்கு எட்டுவதில்லை; காற்றில் உப்பு மட்டும் இல்லை. செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை விடியுமுன் டெட்ராய்ட்டிலிருந்து காரில் புறப்பட்ட நானும் என் மனைவியும், அந்த ஏரியின் கிழக்குக் கரையை ஒட்டி ஹாலந்து ஊரிலிருந்து லடிங்டன் வரை வடக்கு நோக்கிச் சென்று, வழியிலுள்ள ஐந்து கலங்கரை விளக்கங்களைப் பார்த்தோம்.

ஹாலந்தில் கால்வாயின் தென்கரையில் இருக்கும் விளக்கத்தை 'பிக் ரெட்' என்கிறார்கள். அதை அடையும் வழி தனியார் நிலத்தின் ஊடே செல்வதால், எதிர்க்கரையிலுள்ள மாநிலப் பூங்காவில் நின்றுதான் பார்த்தோம். கூரை முகடுகளோடு வீடு போலவே இருக்கிறது. "இரவில்தானே விளக்கு எரியும், கட்டடத்துக்கு எதற்கு இத்தனை சிவப்பு?" என்று மனைவி கேட்டார். ஏரியிலிருந்து துறைமுகத்துக்குள் நுழையும் கப்பலுக்கு வலப்புறம் சிவப்பு அடையாளம் இருக்க வேண்டும் என்பது அமெரிக்க நீர்வழி விதி. அதன்படியே 1956இல் இதற்குச் சிவப்புச் சாயம் பூசினார்கள். பகலில் மாலுமிக்கு வழிகாட்டுவது விளக்கல்ல, கட்டடத்தின் நிறம். அந்தக் கேள்விக்குப் பிறகு போன இடமெல்லாம் நிறத்தைத்தான் முதலில் பார்த்தோம்.

கிராண்ட் ஹேவனிலும் தென்புற அலைதடுப்புச் சுவரின் மேல் இரண்டு சிவப்புக் கட்டடங்களாக விளக்கம் நிற்கிறது. அவற்றுக்குச் செல்ல, சுவருக்கு மேலே தூண்களில் தாங்கிய ஒரு நடைபாலம் இருக்கிறது. புயலில் அலை சுவரைத் தாண்டும்போதும் குளிர்காலத்தில் சுவரெங்கும் பனிக்கட்டி உறையும்போதும் காவலர்கள் அதன் வழியாகவே விளக்கேற்றப் போயிருக்கிறார்கள். நாங்கள் கீழே சுவரின் மீதே நடந்தோம். காற்று சற்று வலுத்ததும் முழங்கால் வரை நனைந்து திரும்பினோம். அலையில் பலர் அடித்துச் செல்லப்பட்ட இடம் அது.

1875இல் கட்டப்பட்ட வைட் ரிவர் விளக்கம் இப்போது அருங்காட்சியகம். அதன் முதல் காவலர் வில்லியம் ராபின்சன் 47 ஆண்டுகள் பணியாற்றினார் என்பதே எனக்கு அந்தச் சிறிய கட்டடத்தை விடப் பெரிதாகத் தோன்றியது.

மாலையில் லிட்டில் சேபிள் முனைக்குச் சென்றோம். 'சேபிள்' என்ற பிரெஞ்சுச் சொல்லுக்கு மணல் என்று பொருள். அந்தப் பெயரின் காரணத்தை அங்கே யாரும் சொல்லத் தேவையில்லை. 1874இல் எழுந்த 107 அடி உயரக் கோபுரம் மணலில் தன்னந்தனியே நிற்கிறது, ஏனெனில் காவலர் குடியிருப்பை 1950களில் இடித்துவிட்டார்கள். ஒரு காலத்தில் வெள்ளை பூசியிருந்த கோபுரத்தை 1977இல் சுரண்டி, செங்கல்லின் இயல்பான நிறத்துக்கே கொண்டுவந்தார்கள். அந்தி வெயிலில் பார்த்தபோது, அப்படிச் செய்தது சரி என்றே பட்டது.

ஞாயிறன்று பிக் சேபிள். லடிங்டன் மாநிலப் பூங்காவில் காரை விட்டுவிட்டு ஏறக்குறைய 3 கிலோமீட்டர் மணற்குன்றுகளின் ஊடே நடக்க வேண்டும் என்று தெரிந்தும், ரப்பர் செருப்போடும் ஒரே ஒரு தண்ணீர் பாட்டிலோடும் போனது என் பிழை. மனைவி அதைப் போகும்போது ஒருமுறையும் வரும்போது இருமுறையும் சொன்னார். 1867இல் கட்டிய 112 அடிக் கோபுரத்தின் செங்கற்கள் காற்றிலும் பனியிலும் உதிரத் தொடங்கியதால், 1900இல் அதைச் சுற்றி இரும்புத் தகடுகளைப் போர்த்தினார்கள். அருகே போனால் தகட்டோடு தகடு சேரும் வரிசைகள் சாயத்துக்கு அடியிலும் தெரிகின்றன. கையை வைத்தால், வெயில் பட்ட பக்கம் சுடுகிறது, நிழல் பக்கம் சில்லென்றிருக்கிறது. 130 படிகள் ஏறி உச்சிக்குப் போனபோது காற்றின் வேகத்தில் பேசுவது கேட்கவில்லை.

கோபுரம் வெள்ளை, நடுவில் மட்டும் அகலமான கருப்புப் பட்டை. திரும்பும் வழியில் பாதித் தூரத்தில் நின்று பார்த்தோம். அதற்குள் வானம் மூடியிருந்தது. கோபுரத்தின் வெள்ளைப் பகுதிகள் மேகத்திலும் மணலிலும் கரைந்துவிட, கருப்புப் பட்டை மட்டும் அந்தரத்தில் தொங்குவது போலத் தெரிந்தது.