கெல்ம்ஸ்காட் கூரையும் அணைக்கட்டு வீட்டுச் சுவரும்

ஆக்ஸ்போர்டுஷயரில், தேம்ஸ் ஆற்றங்கரைக்கு அருகே உள்ள கெல்ம்ஸ்காட் என்னும் சிற்றூரில், 1600ஆம் ஆண்டையொட்டி ஒரு விவசாயக் குடும்பம் கட்டிய கல்வீட்டைச் சென்ற கோடையில் பார்த்தேன். கவிஞரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மோரிஸ் 1871இல் குத்தகைக்கு எடுத்துத் தங்கியதால் புகழ்பெற்ற வீடு அது.

வேலூர்க் கருங்கல்லைத் தொட்டுப் பழகிய கைக்கு அந்த வட்டாரச் சுண்ணாம்புக்கல் புதிது. அருகில் நின்று பார்த்தால் மீன்சினையைப் போன்ற நுண்மணிகள் ஒட்டிக்கிடப்பது தெரியும். வெட்டி எடுத்த புதிதில் செதுக்க இணங்கும் அந்தக் கல், ஈரம் உலர உலர இறுகிவிடும். என்னை நெடுநேரம் நிறுத்தி வைத்தது கூரைதான். அதில் வேய்ந்திருப்பது ஓடல்ல, கல்லின் மெல்லிய பலகைகள். ஈரக் கல்லைக் குளிர்காலம் முழுவதும் வெளியில் போட்டுவைத்து, உள்ளே உறையும் நீரைக் கொண்டே அதை ஏடு ஏடாகப் பிளந்தார்கள். இறவாரத்தில் அகன்ற பலகைகள், மேலே போகப் போகச் சிறியவை, முகட்டருகே கையகலமே. கனமானவை கீழே சுவரின்மேல் அமர்வதும், சிறு துண்டுகூட வீணாகாததும் அந்த வரிசையின் பயன். அழகு தானாகவே வந்து சேர்ந்திருக்கிறது.

சுவரின் இணைப்புகளில் இருப்பது சுண்ணாம்புக் காரை. கல்லைவிட மென்மையான அந்தக் காரை வழியாகச் சுவரின் ஈரம் வெளியேறும். அங்கே சிமெண்டைப் பூசினால் நீர் கல்லுக்குள் அடைபட்டு, பனியில் உறைந்து, கல்லின் முகத்தையே பெயர்த்துவிடும். பழைய கட்டடங்களைச் 'சீரமைப்பு' என்ற பெயரில் சிதைக்காமல் காக்க மோரிஸும் நண்பர்களும் 1877இல் ஒரு சங்கத்தையே தொடங்கினார்கள்.

இதை அங்கே அறிந்தபோது, வேலூர் மாவட்டத்தில் அணைக்கட்டு என்னும் ஊருக்கு அருகே உள்ள எங்கள் தாத்தா வீடுதான் கண்முன் நின்றது. கருங்கல் கடைக்கால், அதன்மேல் சுண்ணாம்பு பூசிய செங்கல் சுவர். சில ஆண்டுகளுக்கு முன் சிமெண்ட் பூசினோம். அடுத்த மழைக்கே உட்பக்கம் இடுப்பளவுக்கு ஓதம் ஏறி, உப்புப் பூத்து, பூச்சு பொரிந்தது. எங்களூரில் பனி உறைவதில்லை என்றாலும் ஈரத்துக்கு வழியடைத்த தவறு ஒன்றேதான்.

பெரியப்பாவுக்கு முதலில் தயக்கம். “சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் இப்போது எங்கேயப்பா இருக்கிறார்?” என்றார். பிறகு அவரே தேடிப்பிடித்து ஒரு முதியவரை அழைத்துவந்தார். இந்த வாரம் சிமெண்டைக் கொத்தி எடுக்கிறார்கள். திண்ணையோரத் தொட்டியில், சுண்ணாம்புக் காரையில் சேர்க்கக் கடுக்காய் ஊறிக்கொண்டிருக்கிறது.