பத்தாம் வகுப்பில் நின்றுபோன பாட்டு பீரியட்

வடசென்னையின் கொருக்குப்பேட்டையில், ரயில் பாதையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்த எங்கள் பள்ளியில், ஒன்பதாம் வகுப்பு வரை வாரத்துக்கு இரண்டு பாட்டு பீரியட் உண்டு. சுருதிப் பெட்டியை மேசைமேல் வைத்துவிட்டு, டீச்சர் எங்களைச் சட்ஜத்தில், அதாவது அடிப்படை ஸ்வரமான ச-வில், நிற்கச் சொல்வார். சரக்கு ரயில் வந்தால் பெட்டியின் ஒலி அடியோடு மறைந்துவிடும். அப்போதும் நிறுத்தக் கூடாது. ரயில் போய் முடிந்து சுருதி மீண்டும் காதில் விழும்போது எங்கள் குரல் அதோடு ஒட்டியிருக்கிறதா என்று அவர் கண்களை மூடிக்கொண்டு கவனிப்பார். முதல் சில மாதங்கள், இரைச்சலோடு போட்டிபோட்டு நாங்கள் எல்லோரும் மேலே ஏறித்தான் போயிருந்தோம்.

ஆரம்பப் பயிற்சியான சரளி வரிசையை மாயாமாளவகௌளை ராகத்தில் தொடங்கினோம். மேளகர்த்தா எனப்படும் 72 தாய் ராகங்களில் 15ஆவதான அந்த ராகத்தில், ச ரி க ம என்பதற்குள் இருக்கும் இடைவெளிகளே ப த நி ச என்பதிலும் திரும்ப வருவதால், கீழ்ப்பாதி குரலில் படிந்துவிட்டால் மேல்பாதி தானாகவே கைகூடும் என்பதை டீச்சர் கரும்பலகையில் கோடு போட்டு விளக்கினார். தாளத்தில் எங்களை முந்தியவன் காசிமேட்டிலிருந்து வந்த நண்பன். அவனுடைய அண்ணன் கானாவுக்கு டோலக் வாசிப்பவர். ஆதி தாளத்தின் எட்டு அட்சரங்களை, அதாவது எண்ணிக்கைகளை, ஒரு தட்டு, மூன்று விரல் எண்ணிக்கை, பிறகு இரண்டு முறை தட்டு வீச்சு என்று அவன் முதல் நாளே பிசகாமல் போட்டான். டீச்சர் அவனையே முன்னால் நிறுத்தி எங்களுக்குச் சொல்லித்தர வைத்தார். பாட்டென்றால் மயிலாப்பூர் என்று நினைத்திருந்த எங்களிடம், தியாகராஜ சுவாமிகளின் ஐந்து கீர்த்தனைகளான திருவொற்றியூர் பஞ்சரத்தினம் நம் வடிவுடையம்மன் மீது பாடப்பட்டது என்று சொன்னவரும் டீச்சர்தான்.

ஒன்பதாம் வகுப்பில் பையன்களின் குரல் உடையத் தொடங்கியது. மாணவிகளோடு 5 கட்டை என்ற உயர்ந்த சுருதியில் பாடிக்கொண்டிருந்த எனக்கு நடு ஸ்தாயியே (நடு ச முதல் மேல் ச வரை) எட்டவில்லை; கூச்சத்தில் வாயை மட்டும் அசைத்தேன். டீச்சர் அதைக் கண்டுபிடித்து, எங்களைத் தனியே உட்காரவைத்து, சுருதியை 1 கட்டைக்கு இறக்கி, அதற்குக் கீழான மந்தர ஸ்தாயியில் மெதுவாகப் பாடவைத்தார். புதுக் குரல் பிடிபட ஆரம்பித்த அந்த ஆண்டு முடிந்ததும் பாட்டு நின்றது. பத்தாம் வகுப்பில் அந்த இரண்டு பீரியடும் கணக்குக்குப் போயின. ஐந்து பாடம், 500 மதிப்பெண் என்ற பொதுத்தேர்வில் பாட்டுக்கு இடமில்லை என்பதே காரணம்.

சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்தில் ஒன்பது, பத்தாம் வகுப்புகளிலும் கர்நாடக இசையைப் பாடமாக எடுக்கலாம். அதில் எழுத்துத் தேர்வைவிடப் பாடிக்காட்டும் தேர்வுக்கே மதிப்பெண் அதிகம். மாநிலப் பாடத்திட்டத்திலும் அப்படி ஒரு வழி வேண்டும். தனியாகப் பாட்டு வகுப்புக்குக் கட்டணம் கட்ட முடியாத வீடுகள் நிறைந்த எங்கள் பகுதியில், பள்ளி கைவிட்டால் பிள்ளைகளுக்குப் போக வேறு இடமில்லை. அதுவரை, குரல் மாறும் அந்த ஓராண்டிலாவது பாட்டு பீரியடை வேறு பாடத்துக்குக் கொடுத்துவிடாதீர்கள் என்று தலைமையாசிரியர்களை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.