டாலி பார்ட்டன் நடந்த வழியில்: ஜூன் நாட்குறிப்பு

ஜூன் 6, 2025, வெள்ளி

நாளை விடியற்காலையில் செவியர்வில்லுக்குக் கிளம்புகிறோம். பிள்ளைகளுக்கு டாலிவுட் கேளிக்கைப் பூங்காவின் ராட்டினங்கள். எனக்கு, கன்ட்ரி என்கிற அமெரிக்கக் கிராமிய இசையில் பாட்டெழுதிப் பாடும் டாலி பார்ட்டன் பிறந்து வளர்ந்த மண்ணை ஒருமுறை மிதிக்க வேண்டும். நாஷ்வில்லுக்கு வந்து நான்கு வருடம், கிட்டார் வாங்கி ஒன்றரை வருடம். ஆபீஸ் முடிந்து வந்து இட்லிக்கு அரைத்து வைத்துவிட்டு, பத்து மணிக்கு மேல் தமிழில் பாட்டு எழுதுகிறேன்.

சாயங்காலம் ஒரு விழாக் குழுவிலிருந்து செய்தி வந்தது. "அக்கா, தீபாவளிக்கு இந்த வருஷமும் ஒரு பாட்டு எழுதிக் கொடுங்க." போன வருடம் என் பாட்டை ஏழெட்டுப் பிள்ளைகள் மேடையில் பாடினார்கள், அழகாகவே பாடினார்கள். நிகழ்ச்சி நிரலில் மைக் செட்காரர் பெயர்வரை இருந்தது, என் பெயர் இல்லை. இன்னும் பதில் போடவில்லை. துணி அடுக்கப் போகிறேன்.

ஜூன் 7, சனி, செவியர்வில்

வழியிலேயே ஒரு மணி நேரம் போய்விட்டது. டென்னசியின் கிழக்குப் பக்கத்துக்கு வேறு நேரக் கணக்கு.

கோர்ட் வாசலில் டாலியின் வெண்கலச் சிலை, 1987ல் வைத்தது. பாறைமேல் வெறுங்காலோடு, மடியில் கிட்டாரோடு சிரித்தபடி உட்கார்ந்திருக்கிறார். அவர் அப்பா ராபர்ட் லீ பார்ட்டன் குத்தகைக்கு உழுதவர், எழுதப் படிக்கத் தெரியாதவர். அந்த மனிதர் ராத்திரியில் வண்டியில் ஒரு வாளி சோப்புத் தண்ணீரும் துடைப்பமும் எடுத்துவந்து, சிலைமேல் விழுந்த புறா எச்சத்தைக் கழுவிவிட்டுப் போவாராம். மகளே சொன்ன கதை இது. சிலையின் தோளைப் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றேன். "வெயில் ஏறுது, வா" என்று இவர் கூப்பிட்ட பிறகுதான் நகர்ந்தேன்.

1946 ஜனவரி 19, ஆற்றங்கரையில் ஒற்றை அறை மரவீட்டில் டாலி பிறந்தார். பன்னிரண்டு பிள்ளைகளில் நாலாவது. பிரசவம் பார்த்த டாக்டருக்குக் கொடுக்கக் காசில்லை, ஒரு மூட்டை சோளமாவு கொடுத்தார்கள். சோளக்கதிர்த் தக்கையில் செய்த பொம்மை ஒன்று வைத்திருந்தாள் அந்தக் குழந்தை. சோளநார்தான் அதற்குத் தலைமுடி. அந்தப் பொம்மையைப் பற்றித்தான் தன் முதல் பாட்டைக் கட்டினாள். அப்போது அவளுக்கு எழுதத் தெரியாது. அவள் சொல்லச் சொல்ல அம்மா எழுதிவைத்தார்.

இன்று முழுக்க எனக்கு அந்த அம்மா நினைப்புதான். இடுப்பில் ஒன்று, காலடியில் இரண்டு என்று பிள்ளைகள் நிறைந்த வீடு. அடுப்பு எரிந்துகொண்டிருந்திருக்கும். அதற்கு நடுவே, ஐந்தாறு வயதுக் குழந்தை முணுமுணுத்தது பாட்டு என்று அந்தம்மாவுக்குத் தோன்றி, பென்சிலைத் தேடியிருக்கிறார்.

ஜூன் 8, ஞாயிறு

திரும்பும் வழியில் நாக்ஸ்வில்லில் சாப்பிட்டோம். மளிகைக் கடைகள் நடத்திய காஸ் வாக்கர் என்பவரின் வானொலி, டிவி நிகழ்ச்சிகளில் டாலி பத்து வயதில் பாடியது இங்கேதான். ஒரு நிகழ்ச்சிக்கு 5 டாலர். மலையிலிருந்து அழைத்து வந்தவர் தாய்மாமன் பில் ஓவன்ஸ். எட்டு வயதில் முதல் நல்ல கிட்டாரைக் கையில் கொடுத்தவரும் அவரே.

முதல் இசைத்தட்டுக்காக டாலி பாட்டியோடு பஸ் ஏறி லூசியானாவின் லேக் சார்ல்ஸ் வரை போயிருக்கிறார். முப்பது மணி நேரப் பயணம். தட்டு 1959ல் வந்தது, விற்கவில்லை. பின்சீட்டில் என் பிள்ளைகள் இரண்டு மணி நேரத்துக்கே சிணுங்கினார்கள்.

ஜூன் 10, செவ்வாய்

டாலியின் 'ஜோலீன்' பாட்டைக் கிட்டாரில் பழகுகிறேன். நாலாம் கட்டில் கேப்போ (சுருதியை ஏற்றத் தந்திகளை அழுத்தும் கிளிப்), ஏ மைனர் பிடி. கட்டைவிரல் கீழ்ச்சுருதியை விடாமல் தட்ட, மற்ற விரல்கள் தனியே ஓட வேண்டும். விரல்நுனி எரிகிறது. மூன்றே ஸ்வரக்கட்டுதான், ஆனால் ஒரு பெண் இன்னொரு பெண்ணிடம் கெஞ்சுகிற பதைபதைப்பு அந்த ஓட்டத்திலேயே இருக்கிறது.

ஜூன் 12, வியாழன்

லஞ்ச் நேரத்தில் ரைமன் அரங்கத்துக்கு நடந்தேன். 1892ல் ஜெபக்கூடமாகக் கட்டியது, இன்றும் மரப் பெஞ்சுகள்தான். கிராண்ட் ஓல் ஆப்ரி என்ற புகழ்பெற்ற கன்ட்ரி இசை வானொலி நிகழ்ச்சி 1974 வரை இங்கே நடந்தது. பதின்மூன்று வயதில் டாலி இந்த மேடையில் ஏற, பாடகர் ஜானி கேஷ் அறிமுகப்படுத்தினார். கூட்டம் திரும்பத் திரும்பப் பாடச் சொன்னதாம்.

அதற்கப்புறம் நேரே புகழ் என்று நினைத்தால் இல்லை. 1964ல் பள்ளி முடித்த விழாவில், "நாஷ்வில் போய் ஸ்டார் ஆகப்போகிறேன்" என்று அவர் சொன்னதும் அரங்கமே சிரித்தது. மறுநாளே பஸ் ஏறினார், அழுக்குத் துணி மூட்டையோடு. அதைத் துவைக்கப் போன லாண்டரி வாசலில்தான் கார்ல் டீனைப் பார்த்தார். இரண்டு வருடம் கழித்துக் கல்யாணம். கையில் காசில்லாத நாட்களில் ஓட்டல் கெச்சப்பையும் கடுகுச் சாஸையும் வெந்நீரில் கலக்கி சூப்பாகக் குடித்திருக்கிறார்.

1965ல் ஒப்பந்தம் செய்த மான்யுமென்ட் இசைத்தட்டுக் கம்பெனி, இந்தக் கீச்சுக் குரல் கன்ட்ரிக்கு ஒத்துவராது என்று பாப் பாடவைத்தது. எதுவும் எடுபடவில்லை. வழி திறந்தது அவர் எழுத்தால். மாமாவோடு சேர்ந்து எழுதிய ஒரு பாட்டை பில் ஃபிலிப்ஸ் என்ற பாடகர் பாடி, 1966ல் அது கன்ட்ரி பட்டியலில் முதல் பத்துக்குள் வந்தது. பின்குரல் டாலியுடையது, தட்டில் பெயர் கிடையாது. "யார் அந்தப் பெண்?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். கம்பெனி மனம் மாறியது.

இந்த இடத்தை இரண்டு முறை படித்தேன். குரலை வேண்டாம் என்றவர்கள் அவர் எழுதிய பாட்டைக் கேட்டுத்தான் குரலையே தேடி வந்திருக்கிறார்கள்.

ஜூன் 13, வெள்ளி

அரைநாள் லீவு போட்டு ஆர்சிஏ ஸ்டூடியோ பி என்ற பழைய பாட்டுப் பதிவுக் கூடத்துக்குப் போனேன். 1973ல் இதே ஜூன் 13ல்தான் டாலியின் 'ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ' இங்கே பதிவானது.

உள்ளே நாம் நினைப்பதைவிடச் சின்ன அறை. ஆனால் மனதில் நின்றது வெளிச்சுவர். 1967ல் பதிவுக்கு நேரமாகிவிட்ட பதற்றத்தில் டாலி காரைக் கட்டடத்தில் மோதிவிட்டார். பெயர்ந்த செங்கல் இடம் இன்றும் அப்படியே இருக்கிறது. விரலை வைத்துப் பார்த்தேன், ஓரம் சொரசொரவென்று இருந்தது. இருபத்தொரு வயதுப் பெண், வயிற்றில் பயத்தோடு, இந்தச் சுவரை இடித்துவிட்டு உள்ளே போய்ப் பாடியிருக்கிறார்.

அந்த வருடம்தான் கன்ட்ரி பாடகர் போர்ட்டர் வாகனர் தன் டிவி நிகழ்ச்சியில் டாலியைச் சேர்த்துக்கொண்டார். முன்பு பாடிய நார்மா ஜீனைக் கேட்டு ரசிகர்கள் கத்தினார்கள். டாலி பொறுத்துக்கொண்டார், எழுதிக்கொண்டே இருந்தார். அம்மா கந்தல் துண்டுகளில் தைத்துக் கொடுத்த கோட்டைப் பற்றிய பாட்டு, பஸ் பயணத்தில் போர்ட்டரின் சலவை ரசீதின்மேல் எழுதியது. பேப்பர் கிடைக்கவில்லை, கையில் கிடைத்தது அது. சில வருடம் கழித்து, விலகிப்போக போர்ட்டர் சம்மதிக்காதபோது, சண்டை போடாமல் ஒரு பாட்டை எழுதிவந்து அவர் எதிரிலேயே பாடினார். இன்று பதிவு நாள் என்று வந்தேனே, அந்தப் பாட்டுதான். 1974ல் கன்ட்ரி பட்டியலில் முதலிடம்.

பாடகர் எல்விஸ் பிரெஸ்லி அதைப் பாட ஆசைப்பட்டார். அவருடைய மேனேஜர் கர்னல் டாம் பார்க்கர் பாட்டு உரிமையில் பாதி கேட்டார். டாலி மறுத்துவிட்டு இரவெல்லாம் அழுதிருக்கிறார். எல்விஸ் 200 பாட்டுக்குமேல் பதிந்த அதே ஸ்டூடியோவில் இன்று நான் நின்றபோது, அந்த அழுகையின் கனம் கொஞ்சம் பிடிபட்டது. 1992ல் விட்னி ஹூஸ்டன் பாடி, பதினான்கு வாரம் அமெரிக்காவில் முதலிடம். உரிமை முழுக்க டாலியிடமே இருந்தது.

ஜூன் 15, ஞாயிறு

காலையில் காபி போட்டுக்கொண்டே விழாக் குழுவுக்குப் பதில் எழுதினேன். "பாட்டு தருகிறேன் தம்பி. நிகழ்ச்சி நிரலில் 'பாடல்' என்று போட்டு என் பெயரைப் போட வேண்டும். மேடையிலும் சொல்ல வேண்டும். போன வருடம் விட்டுப்போனது எனக்கு வருத்தம்." மூன்று முறை அழித்து எழுதினேன். கடைசி வரியை எடுத்துவிடலாமா என்று இவரிடம் கேட்டேன். "இருக்கட்டும்" என்றார்.

செய்தியைப் பார்த்துவிட்டார்கள். இன்னும் பதில் வரவில்லை. பாட்டின் பல்லவி மட்டும் கிடைத்திருக்கிறது, மின்சார பில்லின் பின்பக்கம் எழுதி வைத்திருக்கிறேன்.