ஜிம்மில் பதினோரு நாள்

ஒரு வருடச் சந்தாவைக் கட்டிவிட்டு ஜிம்முக்குப் பதினோரு நாள் மட்டும் போனவன் நான். அதற்குப் பிறகு அந்தத் தெருப்பக்கம் போவதையே தவிர்த்தேன், யாராவது பார்த்து "என்ன ஆளையே காணோம்" என்று கேட்டுவிடுவார்களோ என்ற பயம்தான். சோம்பேறி என்று என்னை நானே ரொம்ப நாள் திட்டிக்கொண்டிருந்தேன்.

என் நண்பன் ஒருவன் இருக்கிறான். மழையோ தலைவலியோ, ஐந்தரைக்கு எழுந்து ஓடிவிட்டு வருவான், ஷூவை முதல்நாள் இரவே வாசலில் எடுத்து வைத்துவிடுவான். அதே ஆள்தான் கரண்ட் பில் வந்த அன்றே கட்டுகிறவன், மாத்திரையை ஒருவேளைகூட மறக்காதவன். இதெல்லாம் ஒரே குணம் என்பது எனக்கு லேட்டாகத்தான் உறைத்தது. உளவியலில் ஆளுமையை ஐந்து பெரிய கூறுகளாகப் பிரிக்கிறார்கள் அல்லவா, அதில் ஒழுங்கும் பொறுப்பும் சேர்ந்த கூறு இது. கலிபோர்னியாவில் 1921-ல் சுமார் 1,500 சிறுவர் சிறுமியரை வைத்துத் தொடங்கிய டெர்மன் ஆய்வின் தரவுகளை, உளவியலாளர் ஹோவர்ட் ஃபிரீட்மனும் கூட்டாளிகளும் 1990-களில் எடுத்துப் பார்த்தபோது, சின்ன வயதிலேயே பொறுப்பாக இருந்தவர்கள் சராசரியாக அதிக நாள் வாழ்ந்திருந்தார்கள். எப்போதும் கலகலப்பாக இருந்த பிள்ளைகளின் ஆயுள் அதற்கு எதிர்த்திசையில் போயிருந்தது. (கலகலப்பான என் சித்தப்பாவிடம் இதை நான் இன்னும் சொல்லவில்லை.)

சரி, அப்போ பொறுப்பில்லாதவன் கதி அவ்வளவுதானா? இல்லை. உடற்பயிற்சியையும் ஆளுமையையும் பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்து 2006-ல் ரோட்ஸ், ஸ்மித் என்ற இரு ஆய்வாளர்கள் கணக்குப் போட்டார்கள். (தொடர்பு எண் 0 என்றால் சம்பந்தமே இல்லை, 1 என்றால் இரண்டும் முழுக்கச் சேர்ந்தே போகும், மைனஸ் என்றால் ஒன்று கூடக் கூட மற்றது குறையும்.) ஆட்களோடு கலந்து பழகும் புறமுக இயல்புக்கும் உடற்பயிற்சிக்கும் உள்ள தொடர்பு 0.23, பொறுப்புணர்வுக்கு 0.20, பதற்ற சுபாவத்துக்கு மைனஸ் 0.11. 0.20-ஐ அதே எண்ணால் பெருக்கினால் 0.04, அதாவது ஆளுக்கு ஆள் இருக்கும் வித்தியாசத்தில் வெறும் 4 சதவீதம்தான் இதோடு ஒட்டிப்போகிறது. மிச்சமெல்லாம் நேரம், வேலை, உடம்பு, கூட யார் இருக்கிறார்கள் என்று வேறெங்கோ கிடக்கிறது.

அந்த மைனஸ் 0.11 ஆள் நான்தான். ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை நாலு தடவை படிப்பேன், கூகுளில் தேடுவேன், தூக்கம் போகும், மறுநாள் களைப்பில் படுத்தே கிடப்பேன். கண்ணாடி சூழ்ந்த அறையில் முன்பின் தெரியாதவர்கள் நடுவில் எடை தூக்கச் சொன்னால் அந்தப் பதற்றம் இரண்டு மடங்காகுமே தவிர குறையாது. நான் வாங்கிய சந்தா என் நண்பனின் சுபாவத்துக்கு வாங்கியது, அதுதான் பிரச்சினை.

அப்புறம், பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் சொன்ன ஒரு எளிய உத்தி எனக்குக் கைகொடுத்தது. "தினமும் நடப்பேன்" என்று பொதுவாகச் சொல்லாமல், "இது நடந்ததும் இதைச் செய்வேன்" என்று ஒன்றோடு ஒன்றை முடிச்சுப் போட்டுவிட வேண்டும். நான் போட்ட முடிச்சு, தம்பியின் போன். அவன் வேலை முடிந்து ஆறு மணிக்குக் கூப்பிடுவான், எடுத்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு நடக்க ஆரம்பிப்பேன், அவன் பேசி முடிக்க எப்படியும் அரைமணி நேரம் ஆகும். உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் என்கிறது, அவன் வாரம் ஐந்து நாள் கூப்பிட்டால் கணக்கு சரியாகிவிடும்.

போன வாரம் அவனுக்கு ஜலதோஷம், தொண்டை கட்டிவிட்டது. மூன்று நாள் நான் நடக்கவில்லை.