அட்டைப்பெட்டியின் முன்பக்கம்

அம்மாவுக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்த பிறகு, எங்கள் வீட்டில் மளிகை வாங்கும் பொறுப்பு எனக்கு வந்தது. அன்றிலிருந்து எந்தப் பொட்டலத்தையும் திருப்பிப் படிக்காமல் நான் கூடையில் போடுவதில்லை. கார்ன்ஃப்ளேக்ஸ், ஓட்ஸ், மியூஸ்லி அடுக்கியிருக்கும் இடத்தில்தான் எனக்கு அதிக நேரம் பிடிக்கும். வேறெந்தப் பண்டத்தின் பெட்டியிலும் இவ்வளவு எழுத்து இல்லை. அந்த எழுத்தும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறிவிடுகிறது. முன்பு நார்ச்சத்து என்று பெரிதாக அச்சிட்டிருந்த இடத்தில் இப்போது புரதம் என்று இருக்கிறது. மக்களின் அச்சமும் ஆசையும் மாறும்போதெல்லாம் பெட்டியின் முன்பக்கம் உடனே மாறுகிறது, உள்ளிருக்கும் பண்டம் அவ்வளவு விரைவாக மாறுவதில்லை என்பதே இந்தக் காலை உணவுத் தானியங்களின் வரலாற்றைப் படித்தபோது எனக்குப் புரிந்தது.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், பேட்டில் கிரீக் என்னும் ஊரில் மருத்துவ இல்லம் நடத்திய ஜான் ஹார்வி கெல்லாக், நோயாளிகளுக்குக் கொடுத்த உப்புச் சப்பில்லாத பத்திய உணவிலிருந்து வந்தவை இந்தத் தானியச் செதில்கள். 1906இல் தனி நிறுவனம் தொடங்கி அதை வீட்டுக்கு வீடு கொண்டுசேர்த்தவர் அவருடைய தம்பி வில் கீத் கெல்லாக். அண்ணனுக்குப் பிடிக்காதபோதும் அதில் சர்க்கரை சேர்த்தவரும் அவரே. 1950களில் தொலைக்காட்சி வீடுகளுக்குள் வந்து, குழந்தைகளிடமே நேராகப் பேசி விற்கலாம் என்ற நிலை உருவானபோது, சர்க்கரை என்ற சொல்லே விளம்பரமாயிற்று. 1952இல் 'சுகர் ஃப்ராஸ்டட் ஃப்ளேக்ஸ்' டோனி என்ற புலியுடன் வந்தது. மறு ஆண்டு 'சுகர் ஸ்மாக்ஸ்' வந்தது. அதன் எடையில் பாதிக்கு மேல் சர்க்கரைதான் என்றாலும், அன்றைய தாய்மார்களுக்கு அந்தப் பெயர் உறுத்தவில்லை.

1970இல் ராபர்ட் சோட் என்ற நுகர்வோர் ஆர்வலர் அமெரிக்க செனட் குழுவின் முன் தோன்றி, தாம் ஆராய்ந்த 60 தானிய வகைகளில் 40 வகைகள் சத்தில்லாத வெற்றுக் கலோரிகளே என்று சாட்சியம் சொன்னார். அதன் பின் நிறுவனங்கள் வைட்டமின்களைக் கூடுதலாகச் சேர்த்தன. 1980களில் சர்க்கரை மீதான அச்சம் பரவியதும் பெயர்களிலிருந்து 'சுகர்' உதிர்ந்தது. 'சுகர் ஸ்மாக்ஸ்' பின்னர் 'ஹனி ஸ்மாக்ஸ்' ஆயிற்று. ஆனால் 2008இல் அமெரிக்க நுகர்வோர் இதழ் ஒன்று ஆராய்ந்தபோதும் அதன் எடையில் பாதிக்கு மேல் சர்க்கரையே இருந்தது. இந்த ஒரு செய்தியைப் படித்த பிறகுதான், பெயரை நம்பி எதையும் வாங்குவதில்லை என்று நான் முடிவுசெய்தேன்.

அடுத்து வந்தது இதய நோயைப் பற்றிய கவலை. ஓட்ஸின் நார்ச்சத்தையும் இதய நலத்தையும் இணைத்துச் சொல்ல 1997இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அனுமதித்தது. அதற்கு அறிவியல் அடிப்படையும் உண்டு. ஆனால் ஆறு வாரத்தில் ரத்தக் கொழுப்பை (கொலஸ்ட்ரால்) 4 சதவீதம் குறைக்கலாம் என்று 'சீரியோஸ்' என்ற ஓட்ஸ் தானியத்தின் பெட்டி கணக்குச் சொன்னபோது, அவ்வாறு சொல்வது மருந்துக்குரிய உரிமைகோரல் என்று 2009இல் அதே நிர்வாகம் எச்சரித்தது.

உண்ணும் நேரமும் முறையும் மாறியது இன்னொரு கதை. காலையில் உட்கார்ந்து சாப்பிட நேரமில்லாதவர்களுக்காக அதே தானியம் கையில் பிடித்துக் கடிக்கும் பட்டையாக மாறியது. மின்டெல் என்ற சந்தை ஆய்வு நிறுவனத்தின் 2015 ஆய்வில், இளந்தலைமுறையினரில் சுமார் 40 சதவீதத்தினர், சாப்பிட்டபின் கிண்ணம் கழுவ வேண்டியிருப்பதால் பாலில் போட்டுச் சாப்பிடும் தானியம் வசதியில்லை என்றார்கள். 2024 பிப்ரவரியில், விலைவாசி ஏறிய நேரத்தில், இந்தத் தானியத்தை இரவு உணவாகவும் கொள்ளலாம் என்று கெல்லாக் நிறுவனத் தலைவர் தொலைக்காட்சியில் பேசியது பலரைப் புண்படுத்தியது. பணமில்லாத குடும்பத்திடம் அதைச் சொன்னது எனக்கும் வருத்தமாகவே இருந்தது.

இந்தியாவுக்கு 1994இல் வந்த கெல்லாக், முதலில் நம் வழக்கத்தையே மாற்ற முயன்றது. மொறுமொறுப்பு குறையாமலிருக்கக் குளிர்ந்த பால் வேண்டும். நாமோ காய்ச்சிய பாலைச் சூடாக ஊற்றுகிறவர்கள், செதில் ஊறிக் குழைந்துவிட்டது. இட்லியும் பொங்கலும் சூடாகக் கிடைக்கும் வீட்டில் அது எடுபடாததில் வியப்பில்லை. பின்னர் குழந்தைகளுக்கான 'சோகோஸ்' வந்தது. வேறொரு நிறுவனத்தின் மசாலா ஓட்ஸ், இனிப்பை விட்டு நம் காரத்தின் பக்கமே வந்து நின்றது. நம் வார இதழ்களும் ஓட்ஸ் உப்புமா, ஓட்ஸ் பொங்கல் என்று செய்முறை எழுதத் தொடங்கின.

பின்பக்கத்தைப் படிப்பவர்கள் அளவைக் கவனிக்க வேண்டும். 2022இல் இங்கிலாந்தில், சர்க்கரை மிகுந்த உணவுகளைக் கடையில் முக்கியமான இடங்களில் வைப்பதற்குக் கட்டுப்பாடு வரவிருந்தபோது, பாலையும் சேர்த்தே தன் பண்டத்தை மதிப்பிட வேண்டும் என்று கெல்லாக் உயர் நீதிமன்றத்தில் வாதிட்டுத் தோற்றது. பால் சேர்ந்தால் எடை கூடும், சர்க்கரையின் விகிதம் குறைவாகத் தெரியும். பல பெட்டிகளில் ஒரு வேளைக்கான அளவு என்று 30 கிராம் குறித்திருப்பதும் இதைப் போன்றதுதான். ஒருநாள் அம்மாவுக்காகச் சமையலறைத் தராசில் அதை நிறுத்துப் பார்த்தேன். எங்கள் கிண்ணத்தின் அடி மறைந்தது, அவ்வளவுதான். அதுவரை அம்மா தினமும் போட்டுக்கொண்டிருந்தது அதைப்போல இரண்டு மடங்கு.